ருலோட்டுக்கு ஓர் அச்சு

மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகும் தெருவிலிருந்து சற்று உள்ளே விலகிய ஒரு வளவில், வெயில் குடித்து மஞ்சளேறிய ருலோட் ஒன்று நின்றது. காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீட்டை இத்தாலியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதன் இடப்பக்கச் சக்கரம் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நின்றது. சாந்தரூபன் குந்தியிருந்து கையை விட்டுத் தடவிப் பார்த்தான். ரயரின் உட்பக்கம் மேலேயிருந்த தகரத்தில் முட்டிக்கொண்டிருந்தது.

"இதை என்னத்துக்கு வாங்கினீர்?" என்று மனைவியைக் கேட்டான்.

"வாங்கேல்லை. சிஞ்ஞோரா தந்தவ," என்றாள் சுதாஜினி. "வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

சிஞ்ஞோரா அஞ்ஞேசேயின் வீட்டைச் சுதாஜினி பலேர்மோவுக்கு வந்த வருடத்திலிருந்து துப்புரவு செய்து வந்தாள். அந்த அம்மாவின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு பேரும் இந்த ருலோட்டில் சிசிலி முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். அவர் போனபின் அது அசையவில்லை. இப்போது சிஞ்ஞோராவும் வீட்டை விற்றுவிட்டு கத்தானியாவில் மகனோடு இருக்கப் போகிறார். போவதற்கு முன் தானே வாகனப் பதிவு முகவரிடம் கூட்டிக்கொண்டு போய், ருலோட்டைச் சுதாஜினியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்.

சாந்தரூபன் எழும்பிக் கையைத் துடைத்தான். அவன் பொருள் சேர்க்கிற ஆள் இல்லை. அது சுதாஜினிக்கும் தெரியும். இருந்தும் அவள் இதற்குத் தலையாட்டியிருக்கிறாள் என்பதுதான் அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் சில்லும் அச்சும் உள்ள ஒன்று பழுதாகி நிற்பதைக் கண்டால் விட்டுவிட்டுப் போகவும் அவனால் முடியாது.

சொந்த ஊரான விசுவமடுவில் ஓர் அரிசி ஆலைக்காரரின் உழவு மெசினை ஓட்டித்தான் அவன் ஆளானவன். நெல்லும் உமியும் மரமும் மணலும், ஊரில் சாவீடு என்றால் பந்தல் சாமானும் மெசினுக்குப் பின்னால் இழுபடுகிற அவன் பெட்டியில்தான் போகும். போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, கடன்பட்டு இத்தாலிக்கு வந்து சேர்ந்தான். பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்ததும் மனைவியையும் மகளையும் கூப்பிட்டான். மொண்டெல்லோவில் ஒரு கடற்கரை உணவகத்தில் கோடை முழுக்கக் குசினி வேலை. மழை தொடங்கினால், குளிக்க வருகிறவர்கள் உடுப்பு மாற்றவென்று மணலில் வரிசையாக நிற்கும் மரக் கபின்களைக் கழற்றி அடுக்கும் ஆட்களோடு சேர்ந்துகொள்வான். அவன் அதிகம் கதைப்பதில்லை. அவனோடு கபின் கழற்றுகிற சிசிலியர்கள், "அந்த ஆள் பலகையோடுதான் பேசுவான்" என்று சிரிப்பார்கள்.

ருலோட்டைப் பார்க்க ஸ்ரான்லி வந்தான். மன்னார் பேசாலைக்காரன். துறைமுகத்துக்குப் பின்னால், படகுகளை ஏற்றி இழுக்கும் வண்டிகளைத் திருத்துகிற பட்டறையில் வேலை. பாயை விரித்து மல்லாக்கப் படுத்து, கைபேசி வெளிச்சத்தில் அடியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"அண்ணை, இதிலை வில்லுத்தகடு இல்லை. அச்சுக் குழாய்க்குள்ளை ரப்பர் வைச்சிருக்கிறாங்கள். சில்லு மேலை கீழை போகேக்கை அந்த ரப்பர்தான் முறுகி முறுகிக் குடுக்கிறது. ரப்பர் செத்துப்போச்சு. சில்லைப் பிடிச்சிருக்கிற கை மேலை ஏறிற்றுது."

"ரப்பரை மட்டும் மாத்தேலாதே?"

"ஏலாது. முழு அச்சையும் மாத்தவேணும்."

"பழசு ஒண்டு கழிவுக் கடையிலை எடுத்தால்?"

"எடுக்கலாம். ஆனா ரப்பர் ஓடினால் மட்டும் கெடுற சாமான் இல்லை. சும்மா நிண்டாலும் அதுக்கு வயசு போகும். இது நிண்டே செத்ததுதானே."

சாந்தரூபன் தலையாட்டினான். அது அவனுக்குச் சரியாகப் பட்டது.

"அப்ப புதுசு போடுவம். இருக்கிறதுக்குள்ளை பலமானதாய்ப் பார்த்துச் சொல்லும்."

ஸ்ரான்லி பாயைச் சுருட்டினான். "எவ்வளவு பாரம் ஏத்தப் போறியள்?"

"பாரமோ? ஒண்டும் ஏத்தப் போறேல்லை. படுக்கிறதுக்குத் துணி, குடிக்கத் தண்ணி, அவ்வளவுதான்."

"அப்ப ஏன் பலமான அச்சு?"

சாந்தரூபன் சாய்ந்து நின்ற சில்லைக் காலால் தட்டினான். "உடையக் கூடாது," என்று மட்டும் சொன்னான்.

ஸ்ரான்லி அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, அச்சில் அடித்திருந்த தகட்டைத் துணியால் துடைத்துப் படம் எடுத்தான். எவ்வளவு பாரம் தாங்கும், சில்லுக்குச் சில்லு எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் இருந்தது. "நான் அளவு பார்த்து வைக்கிறன். நீங்கள் வீட்டிலை கதைச்சுப்போட்டு, உண்மையிலை என்னென்ன ஏத்துவியள் எண்டு நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கோ. அச்சு எண்டது சப்பாத்து மாதிரி அண்ணை. பெரிசாய் வாங்கினால் நல்லது எண்டில்லை."

அவர்களுடைய வீடு பலேர்மோவின் அல்பெர்கேரியாவில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டு அறை. ஓர் அறையில் மெத்தையும் கயிற்றில் தொங்கும் உடுப்பும். மற்றதில் மேசை, மூன்று கதிரை, ஒரு சாமிப்படம். மகள் லக்ஷனாவின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஒரு சூட்கேசுக்குள் இருந்தன, அந்த சூட்கேஸ் எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அவளுடைய சிநேகிதி ஒருத்தி முதன்முறை வந்தபோது சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு மாறப் போறீங்களா?" என்று கேட்டாளாம். லக்ஷனா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சுதாஜினி சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் சாந்தரூபன் ஸ்ரான்லி சொன்னதைச் சொன்னான். சுதாஜினி பருப்பை இறக்கி வைத்துவிட்டு அவன் முன்னால் வந்து இருந்தாள்.

"எந்த அச்சுப் போட நினைக்கிறியள்?"

"பெரிசு."

"ஏத்துறது?"

"ஒண்டும் ஏத்தத் தேவையில்லை."

"பெரிய அச்சைப் போட்டு வெறும் பெட்டியை இழுக்கப் போறியள். மெசின் ஓட்டினவர் நீங்கள். வெறும் பெட்டி றோட்டிலை என்ன செய்யும்?"

அது அவளைவிட அவனுக்கே நன்றாகத் தெரியும். நெல் மூட்டை ஏற்றிய பெட்டி குழியில் விழுந்தாலும் அமைதியாக எழும்பும். இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற வெறும் பெட்டிதான் துள்ளித் துள்ளி ஆணியெல்லாம் கழரும். பாரத்துக்கென்று செய்த அச்சு பாரமில்லாமல் வளைந்து கொடுக்காது. இழுக்கிறவன் இடுப்புத்தான் முறியும்.

அவன் ஏன் பெரிய அச்சைக் கேட்டான் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும், அதைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை.

கடைசிச் சண்டை நடந்த வருடம், ஊரே கிழக்கே கிழக்கே நகர்ந்தபோது, ஆலைக்காரர் மெசினை அவனிடமே விட்டுவிட்டுப் போனார். சாந்தரூபன் பெட்டியில் கட்டிலையும் தகரத்தையும் நெல்லையும் ஏற்றினான். சுதாஜினியின் தையல் மெசினையும், கலியாணத்துக்கு அவளுடைய அப்பா செய்துகொடுத்த கண்ணாடி வைத்த அலுமாரியையும் ஏற்றினான். போகப் போக, வழியில் கை காட்டினவர்களுடைய சாமான்களையும் ஏற்றினான். வயது போனவர்கள் மூட்டைகளின் மேல் இருந்தார்கள். இரணைப்பாலையைத் தாண்டி ஒரு மதகில் ஏறி இறங்கும்போது அச்சு முறிந்தது. பெட்டி ஒரு பக்கம் படுத்தது. பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு வந்தது. அங்கே நின்று எதையும் திருத்த முடியாது. ஆளுக்கு ஒரு பை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அப்போது லக்ஷனா வயிற்றில் இருந்தாள். சுதாஜினி திரும்பிப் பார்த்தபோது, யாரோ அலுமாரியின் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள், பங்கருக்கு மேலே மூட. அவள் அவர்களைக் குறை சொன்னதே இல்லை. அந்தப் பலகைக்குக் கீழே சிலர் தப்பியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு சாந்தரூபன் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாத எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவன் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லாமலே அது வீட்டின் வழக்கமாகிவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை தராசைக் கொண்டு வாறன்," என்றான். "நீர் ஏத்த விரும்புறதை நிறுத்துப் பாப்பம்."

"நான் ஏத்த நினைச்சது இஞ்சை இல்லை," என்றாள் சுதாஜினி. "அண்டைக்கு என்னோடை வாங்கோ, காட்டுறன்."

ஞாயிறு காலையில், ஆள் ஏறி நின்று நிறை பார்க்கிற தராசை லக்ஷனா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சுதாஜினி அவர்களைச் சிஞ்ஞோராவின் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் போய், கீழே இறங்கும் படிகளில் இறங்கி, நிலவறையின் கதவு ஒன்றைத் திறந்தாள். அந்தத் திறப்பு அவளுடைய சாவிக்கொத்திலேயே இருந்தது. சாந்தரூபன் அதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறான். வேலை வீட்டுத் திறப்பு என்று நினைத்திருந்தான்.

உள்ளே விளக்கைப் போட்டாள்.

சுவரோரமாக ஒரு தையல் மெசின் இருந்தது, துணி போர்த்தியிருந்தது. அதன் பக்கத்தில் நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பைகள், தட்டுகள், காகிதம் சுற்றி அடுக்கியபடி. கம்பளிப் போர்வைகள். ஒரு நிலைக்கண்ணாடி. பித்தளைக் குத்துவிளக்கு. லக்ஷனா முதலாம் வகுப்பில் கீறிய படங்களும், அவள் சின்ன வயதில் போட்ட சப்பாத்துகளும், ஒரு மரக் குதிரையும் பெட்டிகளில் இருந்தன. ஓர் இடிக்கிற உரல்கூட இருந்தது. எல்லாம் தூசி தட்டித் துப்புரவாக இருந்தன.

"மம்மா," என்றாள் லக்ஷனா. பிறகு இத்தாலியனில் ஏதோ தொடங்கி நிறுத்திவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "என்ரை குதிரை இஞ்சையா இருந்தது? நான் துலைஞ்சு போச்சு எண்டு நினைச்சன்."

"இஞ்சை வந்த வருசமே தொடங்கினது," என்று சுதாஜினி சொன்னாள். யாருக்கு என்று இல்லாமல் சொன்னாள். "சிஞ்ஞோரா ஒருநாள் இந்தக் கோப்பைகளைத் தந்தவ. வீட்டை கொண்டுவந்தால் உங்கடை முகம் எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும். இஞ்சை வைக்கட்டோ எண்டு கேட்டனான். வை எண்டவ. பிறகு ஒவ்வொண்டாய்ச் சேர்ந்திட்டுது. வேலை முடிஞ்சு போகேக்கை கொஞ்ச நேரம் வந்து இருந்திட்டுப் போவன். சில நாளையிலை தைப்பன். இந்தப் பிள்ளையின்ரை பாவாடை எல்லாம் இஞ்சை வைச்சுத் தைச்சதுதான்."

சாந்தரூபன் வாசலிலேயே நின்றான். அவனுக்கு முதலில் வந்தது கோபம்தான். வேலைக்குப் போகிறேன் என்று போய், அவனுக்குத் தெரியாமல் இப்படி ஒரு அறை முழுக்க அவள் வாழ்ந்திருக்கிறாள். அவனுடைய வீட்டில் அவள் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டு, இங்கே வந்து குடியிருந்திருக்கிறாள். ஏதாவது சொல்லலாம் என்று உள்ளே போனான். நிலைக்கண்ணாடியில் அவனுடைய முகம் தெரிந்தது. அவர்களுடைய வீட்டில் முகம் பார்க்கக் குளியலறையில் ஒரு சின்னத் துண்டுக் கண்ணாடிதான் உண்டு. அவன் உரலின் மேல் இருந்துவிட்டான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

அவன் யோசித்துப் பார்த்தான். நேர்மையாக யோசித்தான். "வேண்டாம் எண்டு சொல்லியிருக்கமாட்டன்."

"இல்லை. சொல்லியிருக்கமாட்டியள். கண்டால் கதைக்காமல் திரிஞ்சிருப்பியள். அது வேண்டாம் எண்டுறதிலும் பார்க்கக் கஷ்டம்." அவள் போர்வை ஒன்றை மடித்து மடித்து வைத்தாள். "இப்ப வீடு வித்தாச்சு. இந்த அறையையும் ஒழிச்சுக் குடுக்கவேணும். அதுக்குத்தான் ருலோட்டுக்கு ஓம் எண்டனான். உங்களுக்கு வீட்டுக்குள்ளை வேண்டாமெண்டால் அதுக்குள்ளை கிடக்கட்டும், சில்லு இருக்கிறதாலை நீங்கள் பயப்பிடமாட்டியள் எண்டு நினைச்சன்."

சில்லு இருப்பதால் பயப்பட மாட்டான் என்று அவள் நினைத்தது அவனை எங்கேயோ தொட்டது. இத்தனை வருடமும் தன் பயம் தனக்குள்தான் இருக்கிறது, அது யாரையும் முட்டவில்லை என்று அவன் நினைத்திருந்தான். அது வீடு முழுக்க இடம் பிடித்து, அவளை நிலவறைக்குத் தள்ளியிருந்தது.

"நிறுப்பம்," என்று சொல்லி உரலிலிருந்து எழும்பினான்.

லக்ஷனா தராசைக் கீழே வைத்தாள். முதலில் தான் தனியாக ஏறிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக்கொண்டு ஏறி, கணக்குப் பார்த்துக் கழித்து, கைபேசியில் கூட்டிக்கொண்டு போனாள். இலக்கங்களை அவள் இத்தாலியனில்தான் சொல்வாள். குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, "அப்பா, எண்ணெய்யோடையா எண்ணெய் இல்லாமலா?" என்று கேட்டாள். சுதாஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உரலைச் சாந்தரூபன்தான் தூக்கிக்கொண்டு ஏறினான். தராசின் முள் போகக்கூடிய மட்டும் போய் நின்றது.

அடுத்த நாள் அவன் கூட்டிய நிறையைக் கொண்டு ஸ்ரான்லியிடம் போனான். ஸ்ரான்லி அதைப் பார்த்துவிட்டு ருலோட்டின் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, விரல் வைத்து ஓர் இடத்தைக் காட்டினான்.

"இவ்வளவுதான் இதுக்கு மொத்தப் பாரம், வண்டியையும் சேர்த்து. நீங்கள் கொண்டு வந்தது கூடிப்போச்சு."

"அப்ப பெரிய அச்சுப் போட்டால்?"

"அச்சுத் தாங்கும். ஆனா பத்திரத்திலை எழுதின பாரம் மாறாது. வழியிலை பொலிசு மறிச்சால் அவன் பாக்கிறது பத்திரத்தை. அதுமட்டுமில்லை அண்ணை, அடிச்சட்டம், தளம், சுவர் எல்லாம் இந்தப் பாரத்துக்கெண்டு செய்தது. அச்சை மட்டும் பலப்படுத்தினால், அது வாங்கவேண்டிய அடியை மேலை இருக்கிறது வாங்கும். கொஞ்சக் காலத்திலை சுவர் மூட்டு விடும்."

"அப்ப முந்தி இருந்த அளவுதான்."

"அதே அளவுதான். சாமானைக் குறையுங்கோ. இல்லாட்டி அளவான ஒரு வீட்டைப் பாருங்கோ," என்று ஸ்ரான்லி பகிடியாகத்தான் சொன்னான்.

சாந்தரூபன் பட்டறையிலிருந்து துறைமுக மதில் ஓரமாக நடந்தான். நாப்போலிக்குப் போகும் கப்பலுக்கு லொறிகள் வரிசையில் நின்றன. ஒவ்வொரு லொறியின் பின் அச்சையும் அவன் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு அச்சு, மூன்று அச்சு. எதற்கு எவ்வளவு என்று யாரோ யோசித்து முடிவெடுத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு மதகில் முறிந்த அச்சும் பலமில்லாத அச்சு அல்ல. நெல்லுக்குச் செய்தது. ஒரு ஊரைச் சுமக்கச் செய்ததல்ல. எந்தப் பெரிய அச்சைப் போட்டிருந்தாலும் அந்த வழியில் அது முறிந்துதான் இருக்கும். இதை அவன் முன்பே அறிந்திருந்தான். ஆனால் இப்படி நேராக எடுத்துப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னான்.

"முந்தின அளவு அச்சுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான். போர்வையும் அடுப்பும் பிளாஸ்ரிக் தட்டும் ருலோட்டிலை போகட்டும். மிச்சத்தை இஞ்சை கொண்டு வருவம்."

சுதாஜினி அவனைப் பார்த்தாள். "இஞ்சை எங்கை வைக்கிறது? சாமான் அடுக்க ஒரு தட்டுக்கூட இல்லை."

"அலுமாரி ஒண்டு செய்யிறன்."

கபின்கள் கழற்றும் இடத்தில், கடல் உப்பில் ஓரம் இற்றுப்போன பலகைகளை ஒதுக்கி வைப்பார்கள். பொறுப்பாக இருந்த சிசிலியனிடம் கேட்டபோது, பலகையோடு பேசுகிறவன் வாய் திறந்து ஒன்றைக் கேட்டதே அவனுக்கு ஆச்சரியம். வேண்டியதை எடு என்றான். இற்ற ஓரங்களை அரிந்து, இழைத்து, அந்த மழைக்காலம் முழுக்க ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் சாந்தரூபன் அலுமாரி செய்தான். படியில் ஏற்ற முடியாது என்பதால் துண்டு துண்டாகக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளேயே பூட்டினான். பூட்டி முடித்ததும் அது மூலையை நிறைத்துக்கொண்டு நின்றது. அன்றைக்கு அவனுக்கு நித்திரை ஒழுங்காக வரவில்லை. அறை நெருக்குவது போல இருந்தது. ஆனால் காலையில் சுதாஜினி நீலப்பூக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தையல் மெசினை அவள் யன்னலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். லக்ஷனா யாரையும் கேட்காமல் சூட்கேசைத் திறந்து, தன்னுடைய புத்தகங்களை அலுமாரியின் ஒரு தட்டில் நிமிர்த்தி அடுக்கிவிட்டாள்.

புது அச்சு மாசி மாதம் வந்தது. பழையதைக் கழற்றத்தான் பெரும்பாடாய்ப் போய்விட்டது. துருப்பிடித்த நட்டுகளில் இரண்டை ஸ்ரான்லி வெட்டித்தான் எடுக்கவேண்டி வந்தது. பிரேக் கம்பியை இழுத்துக் கட்டி, சில்லைப் போட்டு, ஜாக்கைக் கீழே இறக்கியபோது ருலோட் ஒரு தரம் மெல்ல அமர்ந்து, சரியான உயரத்தில் நின்றது. சாந்தரூபன் அதன் மூலையைப் பிடித்து அமத்திப் பார்த்தான். வளைந்து கொடுத்துத் திரும்பி வந்தது.

உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் உணவகத்து முதலாளி தன்னுடைய வான் வண்டியை இரவல் கொடுத்தார். செஃபலூப் பக்கம், கடலோரமாக ஒரு முகாமிடம். கரையோரத் தெருவில் போகும்போது சாந்தரூபன் ஓர் இடத்தில் ஓரங்கட்டி இறங்கினான். புது அச்சுப் போட்டால் கொஞ்சத் தூரம் ஓடியபின் சில்லின் நடுவைத் தொட்டுப் பார்க்கவேண்டும், நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கவேண்டும் என்று ஸ்ரான்லி சொல்லியிருந்தான். தொட்டான். இளஞ்சூடு, அவ்வளவுதான். மற்றப் பக்கமும் அப்படியே. லக்ஷனா ருலோட்டின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்டும் விழேல்லை, அப்பா," என்றாள்.

முகாமிடத்தில் அவன் ருலோட்டை நிறுத்திய விதத்தைச் சுதாஜினி கவனித்தாள். வானோடு பூட்டும் கொளுக்கி முகாமிடத்து வாசல் பக்கம் பார்த்தபடி, வானைக் கிளப்பினால் உடனே இழுத்துக்கொண்டு போகலாம் என்கிற மாதிரி நிறுத்தியிருந்தான். அதனால் கதவு அடுத்த ருலோட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கதவு கடல் பக்கம் இருந்தால் நல்லாயிருக்கும்," என்றாள்.

"திருப்பினால் பிறகு வெளியிலை எடுக்கச் சுணங்கும்."

"நாங்கள் வந்து தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை, அதுக்குள்ளை எங்கை போகப் போறம்?"

அவன் திரும்பிக் கடலைப் பார்த்தான். பிறகு வானைக் கழற்றிவிட்டு, ருலோட்டின் முன்னாலிருந்த சின்னச் சில்லை இறக்கினான். சுதாஜினி ஒரு மூலையையும் லக்ஷனா மற்ற மூலையையும் பிடித்தார்கள். ருலோட் கையாலே திரும்புகிற அளவுக்கு லேசாக இருந்தது.

"மெல்ல," என்றான் சாந்தரூபன். "இன்னும் கொஞ்சம். சரி, விடுங்கோ."